சம்பந்தியம்மாவோடு பேச

மகளுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நான்கு நிமிடம்தான் பம்பரத்துக்குப் பெரிய சோதனை. ஜப்பான்காரரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும் மகள் வீடியோ அழைப்பில் தன் பேச்சை முடித்துவிட்டு, "இரும்மா, அத்தை உன்னைப் பார்க்கணுமாம்" என்று கைபேசியைத் திருப்புவாள். திரையில் சம்பந்தியம்மா வருவார். கழுத்துவரை மட்டும் தெரிகிற, நரைமுடியைக் குட்டையாக வெட்டிய சின்ன முகம். அவர் தலை தாழ்த்துவார், இவளும் தாழ்த்துவாள். அவர் சிரிப்பார், இவளும் சிரிப்பாள். அதற்கு மேல் என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியாது. கன்னம் வலிக்கிறவரை சிரித்துக்கொண்டே இருப்பார்கள்.

"எனக்கு வாயை மூடிட்டுச் சிரிக்கத் தெரியாதுங்க," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கைபேசியை வைத்த கையோடு கணவரிடம் சொன்னாள். "ஜவுளிக்கடை பொம்மை மாதிரி இருக்கு. நான் அந்த பாஷையைக் கத்துக்கப் போறேன்."

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கிற வேலை. வட்டமாக வருகிற லென்ஸில் அளவைக் குறித்து, இயந்திரத்தில் மாட்டி, ஃப்ரேமுக்குத் தகுந்தபடி விளிம்பை அரைத்துப் பொருத்தித் தர வேண்டும். ஒரு லென்ஸ் அரைபட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடமும் அவளால் நிற்க முடியாது. மேசையைத் துடைப்பாள், முன்கூடத்துக்குப் போய் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பாள், தண்ணீர் குடிப்பாள், அகப்பட்டவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு இயந்திரம் நிற்பதற்குள் திரும்பிவிடுவாள். பம்பரம் என்று கடையில் வைத்த பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். இருபத்தெட்டு வருடம் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உயிர் பிழைத்தவர் என்பதால் எதற்கும் பதறமாட்டார்.

"கத்துக்கோ," என்றார். "ஆனா முதல் கியர்லயே நாலு நாள் ஓட்டு."

பம்பரத்துக்கு முதல் கியர் என்று ஒன்று கிடையாது. மறுநாள் மதியம் 'ஜப்பான் மொழி, ஆரம்பநிலை' என்று இணையத்தில் தேடினாள். கொட்டோ கொட்டென்று கொட்டியது. இலவசமாக இவ்வளவு பேர் சொல்லிக்கொடுக்கக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

முதலில் ஓர் ஆமை ஆப். தினமும் ஐந்து சொல் படித்தால் ஆமை கைதட்டும். ஒருநாள் தவறினால் கண்ணீர் விடும். இரண்டு நாள் தவறியபோது முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. "என் மாமியார்கூட என்கிட்ட இப்படி முகத்தைத் திருப்பினதில்ல" என்று அதை அழித்துவிட்டாள். பிறகு ஒரு வலைத்தளம், நாற்பத்தாறு எழுத்தையும் கட்டம் கட்டிப் படம் போட்டுக் கற்றுக்கொடுத்தது. அ, இ, உ, எ, ஒ என்றுதான் அதுவும் தொடங்கியது. நம்ம வீட்டுப் பிள்ளைகள் என்று மகிழ்ந்துபோனாள். அதே சத்தங்களுக்கு இன்னொரு வரிசை எழுத்து உண்டு, அதற்கும் மேல் படமெழுத்து இரண்டாயிரம் உண்டு என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு வீடியோவுக்குப் போனாள். அங்கே நீலச் சட்டக் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர். பாடம் நன்றாகத்தான் நடத்தினாள். ஆனால் கண்ணாடிக்குள் அவள் முகத்தின் ஓரம் உள்வாங்கித் தெரிந்ததைப் பார்த்ததும் பம்பரத்துக்குப் பாடம் மறந்துபோனது.

"மைனஸ் ஆறாவது இருக்கும். இந்தப் பவருக்கு இவ்வளவு அகல ஃப்ரேமா? விளிம்பு எவ்வளவு தடிச்சிருக்கு பாருங்க. எவன் போட்டுக் குடுத்தானோ!"

"அவங்க ஜப்பான் பாஷை சொல்லித் தர்றாங்க," என்றார் மாஸ்டர். "நீ அவங்களுக்குக் கண்ணாடி மாத்திட்டு இருக்க."

எழுத்தை முதலில் படிப்பதா, பேச்சை முதலில் படிப்பதா என்று ஆரம்பநிலைக்காரர்கள் சண்டை போடுகிற ஒரு தளம் இருந்தது. இரண்டு வாரம் அந்தச் சண்டையை வாசித்ததில் அவள் ஒரு சொல்லும் படிக்கவில்லை. அட்டை அட்டையாகச் சொல் காட்டும் ஆப், பாட்டு, வானொலி மாதிரி ஒன்று. எல்லாவற்றுக்கும் தனித்தனி நோட்டு. ஐந்து நோட்டிலும் முதல் ஆறு பக்கம்தான் எழுதியிருந்தது.

"அகல உழுகிறதை விட ஆழ உழுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் மாஸ்டர்.

"உழவே மாட்டேங்கறவங்க பேசாம இருங்க."

ஒன்றில் மட்டும் அவள் கொஞ்சம் நின்றாள். சின்னக் குழந்தைகளுக்கான படக்கதைத் தளம். ஒரு பக்கத்துக்கு ஒரே வரி. பூனை இருக்கிறது. பூனை இல்லை. பூனை சாப்பிடுகிறது. பூனை சாப்பிடவில்லை. வினைச்சொல் கடைசியில்தான் வரும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. "நம்மள மாதிரியேதாங்க. என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் காக்க வைக்கிறாங்க" என்றாள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. அதன் பிறகு இந்தப் படிப்புக்கு வேறொரு காரணம் வந்துவிட்டது.

மகளின் பேச்சு சுருங்கியது. அரை மணி நேரம் பேசுகிறவள் ஐந்து நிமிடத்தில் முடித்தாள். கேமராவை அணைத்து வைத்தாள். "சளிம்மா. மூஞ்சி வீங்கிக் கிடக்கு, பார்க்காதே." அடுத்த வாரமும் சளி. அதற்கடுத்த வாரம் தூக்கம். பம்பரத்துக்கு உள்ளங்காலில் முள் ஏறியது மாதிரி ஆனது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். துடைத்த அலமாரியையே திரும்பத் துடைத்தாள்.

"அவ எதையோ மறைக்கிறா."

"வேலை ஜாஸ்தியா இருக்கும்."

"உங்க பொண்ணுக்கு வேலை ஜாஸ்தியானா கத்துவா. இப்படி மெதுவாப் பேசமாட்டா. அந்த வீட்டுல இருக்கிற ஒரு ஆளுக்கு நடக்கிறது எல்லாம் தெரியும். அவங்ககிட்ட நாலு வார்த்தை கேக்க எனக்கு வாய் இல்ல பாருங்க!"

மாப்பிள்ளைக்கும் அவர்களுக்கும் இடையில் அரைகுறை ஆங்கிலம்தான். 'ஓகே ஓகே' என்பதற்கு மேல் நகராது. சம்பந்தியம்மாவோடு பேச ஒருமுறை மொழிபெயர்க்கும் ஆப்பை வைத்துப் பார்த்தாள். 'என் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாளா' என்று தமிழில் சொன்னாள். ஆப் அதை ஒரு முரட்டு ஆண் குரலில் என்னவாகவோ மாற்றிச் சொல்லியது. சம்பந்தியம்மா திகைத்துப்போய் எதையோ சொன்னார். 'உங்கள் பெண்ணை நாங்கள் சாப்பிடவில்லை' என்று பதில் வந்தது. பம்பரம் அதோடு அந்த ஆப்புக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, பின்னறையில் லென்ஸ் அரைபட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சம்பந்தியம்மாவின் எண். அந்த எண்ணிலிருந்து நேராக அழைப்பு வந்ததே இல்லை. பம்பரம் ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. எங்கோ படிக்கட்டில் நின்றுகொண்டு, வாயருகே கையை வைத்து, மளமளவென்று பேசினார். தண்ணீர் ஓடுகிற சத்தம் மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. டீச்சர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த ஒரு வாக்கியம் எப்படியோ நாக்கில் வந்து நின்றது.

"மோ இச்சிதோ. யுக்குரி." இன்னொரு முறை. மெதுவாக.

சம்பந்தியம்மா நிறுத்தினார். அவளை உற்றுப் பார்த்தார். மூச்சை இழுத்து விட்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"முசுமே-சான்." உங்கள் மகள்.

"ஹாய்," என்றாள் பம்பரம். ஆமாம்.

"ப்யோஇன்."

மருத்துவமனை. அதைப் போலவே ஒலிக்கிற இன்னொரு சொல்லுக்கு அழகு நிலையம் என்று பொருள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று எல்லாத் தளத்திலும் எழுதியிருப்பார்கள். அழகு நிலையமாக இருக்கக்கூடாதா என்று அவள் மனம் ஒரு கணம் தவித்தது. சம்பந்தியம்மாவின் முகம் அப்படிச் சொல்லவில்லை.

"அக்கச்சன்," என்றார் சம்பந்தியம்மா. கைகளை மடித்துத் தாலாட்டிக் காட்டினார்.

கைக்குழந்தை. படக்கதையில் பூனைக்கு அடுத்த கதை அதுதான். பம்பரத்துக்குக் கண் விரிந்தது. குழந்தையா? யாருக்கு? மகளுக்கா? முகம் மலர்ந்து வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா மடித்த கைகளை மெல்லப் பிரித்தார். இரண்டு உள்ளங்கையையும் வெறுமையாக விரித்துக் காட்டினார்.

"அக்கச்சன்... மோ, இனாய்."

இனாய் என்றால் இல்லை. பூனை இல்லை என்று அவள் எத்தனையோ முறை வாய்விட்டுப் படித்த அதே சொல்.

ஒரே நிமிடத்தில் பேரக்குழந்தை வந்ததும் போனதும் தெரிந்தது. பம்பரம் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்குத் தெரிந்து அந்தப் பின்னறையில் அவள் அசையாமல் நின்றது அதுவே முதல் தடவை. சம்பந்தியம்மா நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், தலையை ஆட்டினார். "தபேனாய்," என்றார். சாப்பிடவில்லை. பிறகு உதட்டில் விரல் வைத்தார். நான் சொன்னதாகத் தெரியக்கூடாது. அதற்கு மொழி தேவைப்படவில்லை.

கடைசியாக அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒகாசான், கிதே குதசாய். கிதே குதசாய்."

ஒகாசான் என்றால் அம்மா. மற்றதையும் பம்பரம் அறிவாள். நீலக் கண்ணாடி டீச்சர் ஒவ்வொரு பாடத்தையும் அந்தச் சொல்லோடுதான் தொடங்குவாள்: கவனித்துக் கேளுங்கள். "ஹாய், ஹாய்" என்று தலையாட்டினாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், சொல்லுங்கள். ஆனால் சம்பந்தியம்மா மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. அந்த "ஹாய்" கேட்டதும் அவர் முகம் உடைந்தது. அழுதுகொண்டே இடுப்பு வரை குனிந்து வணங்கினார். திரையில் படிக்கட்டு மட்டும் தெரிந்தது. அழைப்பு முடிந்துவிட்டது.

அதன் பிறகு பம்பரம் வலது கண் லென்ஸை இடது கண் அளவுக்கு அரைத்துக் கெடுத்தாள். கடைக்காரம்மா வந்து பார்த்தார். இருபது வருடமாக அவளை வேலைக்கு வைத்திருப்பவர்.

"என்னாச்சு பம்பரம்? நீ லென்ஸ் கெடுத்து நான் பார்த்ததே இல்லையே."

"பொண்ணு..." என்று தொடங்கிக் கைபேசியைக் காட்டினாள்.

"இயந்திரத்தை நிறுத்து. வீட்டுக்குப் போ."

மாஸ்டர் சாயங்காலம் வந்தபோது, ஐந்து நோட்டும் தரையில் விரிந்து கிடக்க, அவள் அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற என்ன சொன்னாங்க?" என்றார்.

"கேளுங்க, கேளுங்கன்னாங்க. நான் கேக்கறேன்னேன். அப்புறம் ஒண்ணுமே சொல்லல. அழுதுட்டு வச்சுட்டாங்க. அதுதாங்க எனக்குப் புரியல. இன்னும் ஏதோ இருக்கு. அதைச் சொல்ல வந்துதான் அழுதிருக்காங்க."

"அவங்க சொன்ன மாதிரியே சொல்லு."

"கிதே குதசாய்."

"இந்த நோட்டுல நீ வேற மாதிரி எழுதியிருக்கியே. கீதேன்னு."

"அதேதாங்க."

"எப்படி அதே ஆகும்? இது நெடில். நீ சொன்னது குறில். அவங்க நீட்டினாங்களா, நறுக்குன்னு சொன்னாங்களா?"

பம்பரம் நடையை நிறுத்தினாள். கண்ணை மூடினாள். ஏழெட்டுத் தடவை சொன்னாரே. எல்லாமே நறுக்கென்றுதான் இருந்தது.

கைபேசியில் தேடினாள். படக்கதைத் தளத்தில் அகப்பட்டது. குட்டி வாத்து குளத்தில் இறங்கி, கரையில் நிற்கும் தாயைப் பார்த்துக் கூப்பிடுகிற பக்கம். கிதே. வா.

"வாங்கன்னு கூப்பிட்டிருக்காங்க," என்றாள். "அம்மா, தயவுசெஞ்சு வாங்கன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சரி சரின்னேன்."

மாஸ்டர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஜப்பானில் நடந்த மகள் கல்யாணத்துக்காக எடுத்து, போக முடியாமல் கிடந்த பாஸ்போர்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "வாக்குக் குடுத்துட்ட. போய்த்தான் ஆகணும்."

விசா கிடைக்கப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். அழைப்புக் கடிதத்தை மாப்பிள்ளை மனைவிக்குத் தெரியாமல் அனுப்பினார். பம்பரம் பேருந்தில் உட்காராமல் நின்றே போனாள். அலுவலக வரிசையில் நிற்க முடியாமல், பின்னால் இருப்பவரிடம் இடம் சொல்லிவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி வந்தாள். நல்லவேளையாக, தினமும் மதியம் பத்து நிமிடம் சம்பந்தியம்மா அழைத்தார். மகள் படுத்திருக்கும் அறைக்குக் கேட்காமல், படிக்கட்டில் நின்றுகொண்டு. அன்றைக்குக் கொடுத்த சூப்புக் கிண்ணத்தைத் திரைக்கு நேரே சாய்த்துக் காட்டுவார். முழுதாக இருந்தால் இருவரும் பெருமூச்சு விடுவார்கள். பாதி இருந்தால் "ஹாம்புன்!" என்பார் சம்பந்தியம்மா. பாதி! பம்பரம் பின்னறையில் நின்று "ஹாம்புன்!" என்று கத்துவாள். கடைக்காரம்மாவுக்கே அந்தச் சொல் பழகிவிட்டது. "இன்னைக்கு ஹாம்புனா, முழுசா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

கடினமானது ஞாயிற்றுக்கிழமைதான்.

"எப்படிடா கண்ணு இருக்க?"

"நல்லா இருக்கேம்மா. நீ?"

"நான் நல்லா இருக்கேன். அங்க வெயிலா, குளிரா?"

"குளிர்தான்."

எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாதவளாகப் பேச வேண்டும். கைபேசியை வைத்ததும் பம்பரம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். மாஸ்டர் வெளியே நின்று, "தண்ணி தீர்ந்துடும், வெளியில வந்து அழு" என்பார்.

விமான நிலையத்தில் சம்பந்தியம்மா மட்டும் வந்திருந்தார். ஒரு வருடமாகக் கழுத்துவரை பார்த்த ஆள் இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று பம்பரம் நினைக்கவில்லை. அவள் தோளுக்குத்தான் வந்தார். அவர் குனிந்து வணங்க, இவள் கட்டிக்கொள்ளக் கையை விரித்துப் போக, அவர் நெற்றி இவள் தாடையில் இடித்தது. இருவரும் தடவிக்கொண்டே ரயில் ஏறினார்கள்.

வீட்டில் மகளின் அறை திரை போட்டு இருட்டாக இருந்தது. பம்பரம் விளக்கைப் போடாமல் வாசலில் நின்றாள்.

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். நம்பவில்லை. அப்புறம் எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"நீ எதுக்கு வந்த?"

"பார்க்கணும்போல இருந்துச்சு."

"யாரு சொன்னா உனக்கு? அத்தையா?"

பம்பரம் வாயைத் திறந்தாள். சம்பந்தியம்மா உதட்டில் விரல் வைத்தது நினைவுக்கு வந்தது. "யாரும் சொல்லல. நீயும் சொல்லல. அதான் வந்தேன்."

"ஏன் சொல்லலன்னு யோசிச்சியா?" மகளின் குரல் உயர்ந்தது. "உன்கிட்ட சொன்னா நீ என்ன பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதா? அழுவ. ஓடுவ. ஊரெல்லாம் போன் போடுவ. ராத்திரி பகலா என்னைக் கூப்பிடுவ. அப்புறம் நான் உன்னைத் தேத்தணும். என்கிட்ட அதுக்குத் தெம்பு இல்லம்மா. இப்பவும் இல்ல. போ."

அந்தச் சொற்கள் எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டன. பம்பரத்துக்குக் கால் துடித்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும், அல்லது தெருவில் இறங்கி நடக்க வேண்டும், இரண்டில் ஒன்று செய்யாவிட்டால் மூச்சு முட்டிவிடும்போல இருந்தது. ஒன்றையும் செய்யவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் மரத்துப்போனது. அவள் தேற்றவும் இல்லை, அழவும் இல்லை. சம்பந்தியம்மா கதவருகே வந்து பார்த்துவிட்டு, ஒரு மெத்தை விரிப்பைச் சத்தமில்லாமல் அவள் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மகள் கழிவறைக்குப் போய் வருவாள், திரும்பவும் படுப்பாள். மூன்றாம் நாள் மத்தியானம், சுவரைப் பார்த்தபடியே, "பெண் குழந்தைம்மா" என்றாள்.

"ம்."

"நாலரை மாசம். பேர்கூட யோசிச்சுட்டோம்."

"ம்."

"நீ ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

"நீ சொல்லு. நான் கேக்கறேன்."

மகள் சொன்னாள். வாந்தி, மறைத்தது, சந்தோஷத்தை ஐந்து மாதம் முடிந்து சொல்லலாம் என்று சேர்த்து வைத்தது, ஒரு செவ்வாய்க்கிழமை வேலையில் வயிறு வலித்தது, டாக்டர் பேசிய வார்த்தை புரிந்தும் புரியாத மாதிரி இருந்தது. சொல்லி முடித்து அழுதாள். பம்பரம் அப்போதுதான் எழுந்து போய் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அறைக்குள் அடக்கிவைத்த பதற்றத்தையெல்லாம் பம்பரம் வெளியே காட்டினாள். சமையலறை சம்பந்தியம்மாவுடையது, அளவில் ஒரு அலமாரிதான் இருக்கும். அதற்குள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். பம்பரம் பாத்திரங்களை மாற்றி அடுக்கினாள். சம்பந்தியம்மா அவற்றைப் பழைய இடத்தில் வைத்தார். இருவரிடமும் இருந்த சொற்கள் சண்டை போடப் போதாது என்பதால் அதுவரை சண்டை வரவில்லை.

எட்டாம் நாள் துணி உலர்த்துவதில் வந்தது. பால்கனிக் கம்பியில் சம்பந்தியம்மா மாப்பிள்ளையின் சட்டைகளை ஹேங்கரில் மாட்டி நிமிர்த்தித் தொங்கவிட்டிருந்தார். பம்பரம் பார்த்தாள். தோளில் புடைத்துக்கொள்ளும், கீழ்மடிப்பில் கிளிப் போட்டுத் தலைகீழாகத்தான் போட வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துத் தலைகீழாகப் போட்டாள். கூடையோடு வந்த சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் எடுத்து நிமிர்த்தினார். பம்பரம் திரும்பத் தலைகீழாக்கினாள். மூன்றாவது சுற்றில் ஒரே சட்டையின் கழுத்து அவர் கையிலும் கீழ்மடிப்பு இவள் கையிலும் இருந்தது.

"தமே!" என்றார் சம்பந்தியம்மா. கூடாது!

"என்ன தமே? தோள் புடைச்சுக்கும் சம்பந்தி, சொன்னா கேளுங்க!"

"தமே, தமே!"

கண்ணாடிக் கதவு சரேலென்று திறந்தது. மகள் நின்றாள். எண்ணெய் காணாத தலை, கசங்கிய உடை. இத்தனை நாளில் அவள் வெளிச்சத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, முதலில் தன் அம்மாவைப் பார்த்துப் பொரிந்து தள்ளினாள். சுத்தமான ஜப்பான் மொழியில், மூச்சு விடாமல். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, நல்ல தமிழில், "நீங்களுமா அத்தை? வயசுக்கு ஏத்த மாதிரி நடந்துக்க மாட்டீங்களா ரெண்டு பேரும்? ஒரு சட்டைக்கு இந்த அடியா? பக்கத்து வீட்டுல எல்லாரும் பார்க்கறாங்க!" என்றாள்.

பாஷை மாறிப்போனது அவளுக்குத் தெரியவே இல்லை.

சம்பந்தியம்மா தலையைக் குனிந்துகொண்டார். பம்பரமும் குனிந்துகொண்டாள். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் இருவருக்கும் நன்றாக விளங்கியது. மகள் அவர்கள் கையிலிருந்த சட்டையைப் பிடுங்கினாள், உதறினாள், நடுவில் மடித்துக் கம்பியின் மேல் அப்படியே போட்டாள். அந்த முறை இரண்டு அம்மாக்களுக்கும் பிடிக்காத முறை. கூடையில் மிச்சமிருந்ததையும் ஒவ்வொன்றாக எடுத்து அப்படியே போட்டுக்கொண்டு போனாள். இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்று, வாய் திறக்காமல், அவள் கடைசிக் காலுறை வரைக்கும் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.